எடை பார்க்கும் வரை

பெண் பிள்ளைகள் வெளியூருக்கு ஆடப் போனால் கூடவே ஒரு பெண்மணி போக வேண்டும் என்று விதி இருக்கிறதாம். ஆவடிப் பக்கம் எங்கள் கோவில்பதாகைக் கபடி அணிக்கு அந்தப் பெண்மணி நான்தான். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு முடியாது என்று சொல்ல வராது. வேறு தகுதி எதுவும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தம்பி வீட்டில் இருக்கிறேன். அவன் மகள்தான் அணியில் முதலில் எதிரணிப் பக்கம் "கபடி கபடி" என்று பாடிப் போகிறவள். கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, கரையான்சாவடியில் இறங்க வேண்டியவள் பூந்தமல்லிவரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவளை நம்பித்தான் சேலம், கரூர், தேனி என்று பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஈரோட்டுக்குப் போனதைச் சொல்கிறேன். அங்கே நன்றாக ஆடினால் மாநில முகாமுக்குக் கூப்பிடுவார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கண்டம் இருந்தது. இந்த வயதுப் பிள்ளைகள் ஐம்பத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். போட்டி அன்று காலையில் மெஷினில் ஏற்றிப் பார்ப்பார்கள். கூடினால் வெளியே உட்கார வேண்டியதுதான். மற்ற பிள்ளைகள் ஈர்க்குச்சிகள். தம்பி மகள் மட்டும் சரியாகக் கோட்டின்மேல் நின்றாள். முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒரு மாதமாக மிக்சர் டப்பாவைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

ஆவடி ஸ்டேஷனுக்கு அம்மாக்கள் டப்பா டப்பாவாகக் கொண்டு வந்தார்கள். சப்பாத்தி, புளிசாதம், நெய் உருண்டை, அதிரசம். வழியில் கொஞ்சம், மிச்சம் காலையில் எடை பார்த்த பிறகு எல்லாருக்கும் என்று சொல்லி என் கையில் கொடுத்தார்கள். மாஸ்டர் பாடி என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யக்கா, உன் பொண்ணுக்கு ரெண்டு இட்லி, மோரு, அவ்ளோதான். எடை பாத்தப்புறம் அண்டாவோட துன்னட்டும். அதுவரைக்கும் நீதான் காவலு."

சென்ட்ரலுக்குப் போய் ஈரோட்டு ரயில் ஏறினோம். எதிர் சீட்டில் பூந்தமல்லியிலிருந்து ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போகிற குடும்பம். அந்த அம்மா காட்பாடி வருவதற்குள் பாத்திரத்தைத் திறந்துவிட்டார். பிரியாணி வாசனை பெட்டி முழுக்கப் பரவியது.

"பாப்பாவுக்கு வைக்கிறேன், புடிங்கக்கா" என்று ஒரு தட்டை நீட்டினார்.

"வேணாம்னு சொல்லு அத்தே" என்று தம்பி மகள் காதைக் கடித்தாள்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வாங்கிவிட்டேன். வாங்கியதைக் கீழே வைக்க முடியுமா? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அந்த அம்மா தன் வீட்டாருக்குப் பரிமாறத் திரும்பிய நேரத்தில் நான் சாப்பிட்டேன். காலித் தட்டைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாப்பாவுக்கு நம்ம கைப்பக்குவம் புடிச்சிப்போச்சு" என்று மறுபடி வைத்தார். அதற்குப் பிறகும் வைத்தார்.

நெய் உருண்டை டப்பா வேறு மடியில் இருந்தது. கண்ணில் பட்டால் பிள்ளைக்கு ஆசை வருமே என்று அதையும் அடுத்தடுத்த டப்பாக்களையும் காலி செய்யத் தொடங்கினேன். மற்ற பிள்ளைகளும் நல்ல மனதோடு உதவினார்கள்.

"அத்தே, இத்த எனக்கோசரம் துன்றியா, உனக்கோசரம் துன்றியா?"

"உனக்காகத்தான்டி."

"அப்போ இன்னாத்துக்குக் கண்ணை மூடிக்கினு துன்ற?"

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எடை பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். தம்பி மகள் ஏறினாள். கால் கிலோ கூடுதல்.

கொலுசைக் கழற்றினோம். கம்மல், ஹேர்பின், கையில் கட்டியிருந்த கயிறு எல்லாம் போனது. நான் முந்தின நாள் தலையில் தேய்த்துவிட்ட எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று மாஸ்டர் என்னைக் கேட்டார். அப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டியது. அரை மணி நேரம் தருகிறோம், ஓடிவிட்டு வரட்டும் என்றார்கள்.

வேறு ஊர் அணிகள் சுற்றி நின்று சிரித்தன. பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "தனியா ஓட மாட்டேன் அத்தே, எல்லாம் போன்ல புடிக்கிறாங்க" என்றாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். உள்ளே இருந்த பிரியாணியும் என்னோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கி ஓடியது.

"பாட்டி, நீங்க எந்த வெயிட்ல ஆடுறீங்க?" என்று ஓரத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"எங்க அத்தைக்கு வெயிட் லிமிட்டே கெடையாது, மெஷின் தாங்காது" என்று தம்பி மகள் பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள். போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டதால் நிம்மதியாக என்னைத் தாண்டி ஓடினாள்.

திரும்பி வந்து ஏறினாள். சரியாக ஐம்பத்தைந்து. மாஸ்டர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சோறு எடு அத்தே" என்று எல்லாப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் பையைத் திறந்தேன். டப்பாக்கள் எல்லாம் இருந்தன. உள்ளே ஊறுகாயைத் தவிர ஒன்றும் இல்லை.

"யக்கா" என்றார் மாஸ்டர், "ஒருத்தியக் காப்பாத்திட்டு டீமையே பட்டினி போட்டியே."

கேட்டுக்கு எதிரே ஒரு இட்லிக் கடை இருந்தது. முன்னால் ஆண்கள் கூட்டம். வழக்கம்போல, யாராவது நம்மைப் பார்க்கமாட்டார்களா என்று பின்னால் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. உள்ளே மைக்கில் எங்கள் அணியைக் கூப்பிடுவது கேட்டது. ஒரு மாதம் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் வெறும் வயிற்றோடு பாடிப் போவதா என்று நினைத்தேன். "இட்லி" என்று என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடையே திரும்பியது.

"எத்தனைங்க?" என்றார் கடைக்காரர்.

"இருக்கிறது எல்லாம்."

பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு விழுங்கிவிட்டு ஆட ஓடினார்கள். கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் முகாமுக்கு எடுத்தவர்களைப் படித்தபோது தம்பி மகளின் பெயரும் வந்தது. அவள் ஓடி வந்து என்னைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அந்தத் தைரியத்தோடுதான் ஊர் திரும்பினேன். ஆவடியில் இறங்கி எல்லாரும் பஸ் ஏறினோம். இருக்கிற குரலையெல்லாம் சேர்த்து, "நிறுத்துங்க" என்றேன். பஸ் நின்றது. பிள்ளைகள், மூட்டைகள், மாஸ்டர் எல்லாரும் இறங்கி, பஸ்ஸும் போன பிறகுதான் பார்த்தேன். எங்கள் நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. எல்லாரும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என் பின்னால் நடந்தார்கள்.