ஜெபமணி அக்கா கேட்காமல் விட்டது

திருச்சுழிக்குப் போகும் காலை பஸ்ஸில் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். டிக்கெட்டைக் கிழித்து நீட்டியவர், "ஒங்க ஜெபமணியக்கா விடியக்காலம் போயிட்டாகளாம்மா, தெரியாதா?" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன். செய்தி ஒரு கண்டக்டர் வாயால் வந்தது பொருத்தம்தான். இந்தத் தடத்துக் கண்டக்டர்களும் பஸ் நிலைய டீக்கடைக்காரர்களும் அக்காவுக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர்கள்.

ஏன் என்று அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். மழை பொய்த்த வருஷங்களில் நம் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று பம்பாய்க்குக் கூட்டிப் போவார்கள். போனவர்களில் பலர் எங்கே இருக்கிறார்கள் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. தேவாலயச் சபையார் சிலர் சேர்ந்து நடத்திய எங்கள் சின்னச் சங்கத்தில், போகிறவர்களைத் தடுப்பதும் போனவர்களைத் தேடிக் கொண்டுவருவதும் அக்காவின் வேலை. நான் அவருடைய கூட்டாளி. "பிள்ள பிடிக்கிறவன் சாக்கோட வரமாட்டான். அத்த, மாமான்னு மொற சொல்லிக்கிட்டு வருவான்" என்று ஊர் ஊராகச் சொல்வார்.

அவர் சந்தேகப்படாத ஆளே கிடையாது. புதுப் பையும் புதுத் தாவணியுமாகச் சில பெண்கள் ஒரு அம்மாளுடன் மதுரை பஸ்ஸில் இருப்பதாக ஒருநாள் தகவல் வந்தது. அக்கா ஓடிப்போய் பஸ்ஸை மறித்துவிட்டார். பார்த்தால் அவர்கள் காதுகுத்துக்குப் போகிற குடும்பம். அந்த அம்மாள் வைத வசவு பஸ் நிலையம் முழுக்கக் கேட்டது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறங்கியவர், "இப்பிடி வையிறதுக்கு ஒருத்தி இருந்தாப் போதும், எந்தப் பிள்ளயும் காணாமப் போகாது" என்றார். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவள் தங்கபுஷ்பம். ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. முறைக்கு அத்தையான ஒருத்திதான் அவளைக் கூட்டிப் போனாள். பம்பாயில் ஒரு வீட்டில் அடைபட்டுக் கிடந்தவளை அக்கா போலீஸோடு போய் மீட்டு வந்தார். சபையில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. துன்பத்திலிருந்து மீண்டவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, நடந்ததை எல்லார் முன்னும் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்துவார். தன் காசநோய் தீர்ந்தபோது அப்படிச் சொல்லி அழுது மனம் தேறியவர் அக்கா. இவளும் தேறுவாள், கேட்கிற பெற்றோருக்கும் புத்தி வரும் என்று மனதார நம்பினார். "சொல்லிட்டா பாரம் எறங்கிரும்த்தா" என்று கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

தங்கபுஷ்பம் சொன்னாள். வீட்டு வேலையில் தொடங்கியதை, கதவை வெளியே தாழிட்டவர்களை, உள்ளே நடந்ததை எல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னாள். மதியத்துக்குள் அது அவள் ஊருக்குப் போய்விட்டது. கூட்டிப்போன அத்தைக்காரியை ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். தங்கையைப் பெண் கேட்டிருந்த வீட்டார் அதன்பின் வரவில்லை. பெற்ற தாயே, "நீ அதச் சொல்லாம இருந்திருக்கக் கூடாதாடி" என்றாளாம். கொஞ்ச நாளில் தங்கபுஷ்பம் அதே அத்தைக்காரியுடன் மறுபடி பஸ் ஏறிவிட்டாள்.

தெரிந்ததும் நாங்கள் மதுரை ஸ்டேஷனுக்கு ஓடினோம். ரயில் போயிருந்தது. அக்கா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "மொதத் தடவ கொண்டுபோனது அந்த அத்தக்காரி. இந்தத் தடவ அனுப்பி வச்சது நான்" என்றார். நான் சொன்ன ஆறுதல் எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

வருஷக்கணக்கில் அலைந்து அவளைத் திரும்பவும் கொண்டுவந்தார். அவள் ஊருக்குப் போகவில்லை. அருப்புக்கோட்டையிலேயே ஒரு தறிப் பட்டறையில் நூல் சுற்றும் வேலையில் சேர்ந்தாள். அக்கா அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவள் தலை நிமிராமல் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் பக்கத்துத் தெருவில்தான் குடியிருந்தாள். ஒருநாளும் அக்கா வீட்டுக்கு வந்ததில்லை.

அதன்பின் மீண்டு வந்த எந்தப் பிள்ளையிடமும் என்ன நடந்தது என்று அக்கா கேட்கவே இல்லை. அவர்கள் வந்து தங்கும் தன் வீட்டுக் கதவின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டார். "ஒனக்கு எங்க தோணுதோ அங்க உக்காருத்தா" என்பார், அவ்வளவுதான். சிலர் வருஷம் கழித்துத் தாங்களாகவே சொன்னார்கள். சிலர் சொல்லாமலே கல்யாணம் முடித்துப் போனார்கள். விவரம் கேட்டு வருகிற பெரிய மனிதர்களை, "அவ வாயி, அவளுக்குத் தோணுனா சொல்லுவா" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "தங்கம் என்னய ரெண்டு வார்த்த வஞ்சாவது இருக்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ எதுக்கு வையணும்? அதுவும் என் மனசு ஆறத்தான?" என்றார்.

அடக்க ஆராதனையில் போதகர், அக்காவால் நன்மை பெற்றவர்கள் சாட்சி சொல்லலாம் என்றார். சிலர் எழுந்து சொன்னார்கள். தங்கபுஷ்பம் வாசலோரம் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். போதகரும் பார்த்துவிட்டார். "நீயும் ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

"வேண்டாங்கய்யா" என்றாள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அக்கா இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தாள். ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். திரும்பும்போது என் பக்கத்தில்தான் நடந்தாள். அக்காவை மன்னித்துவிட்டாயா என்ற கேள்வி என் வாய்வரை வந்துவிட்டது. சாகும்வரை அக்கா காத்திருந்த பதில் அவளிடம் இருந்தது. நான் கேட்கவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.