மூன்று தரம் ஈயம் வைத்த பிளக்

அந்த நாட்களில் எனக்கு இரண்டு எதிர்காலங்கள் இருந்தன. இரண்டும் மாமாவின் மடிக்குள் இருந்தன. ஒன்று, தெற்கே ஒரு சிங்கள ஊரில் அவர் வைத்திருந்த பலசரக்குக் கடை. புங்குடுதீவில் பிறந்த ஆண்பிள்ளை மீசை முளைத்ததும் ரயிலேறிப் போய்ப் பருப்பு நிறுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் காலநிலை. வெயிலை யாராவது ஏன் என்று கேட்பார்களா? மற்றது, ஊர்காவற்றுறையில் பூட்டிக் கிடந்த ஒரு சின்ன அறை. அதன் வாசலில் ‘ரேடியோ திருத்தப்படும்’ என்றொரு பலகை. அறை மாமாவுடையது, அதன் பூட்டுக்குத் திறப்பு அவர் இடுப்பில். பலகை என் மண்டைக்குள் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் தபாலில் ரேடியோ படித்தவன். பாடங்கள் தபாலில் வந்தன, கேள்விகள் தபாலில் போயின, கடைசியில் சான்றிதழும் தபாலில் வந்து சேர்ந்தது. முழுப் படிப்பிலும் உண்மையில் களைத்துப் போனவர் தபால்காரர் ஒருவர்தான்.

இறக்குமதிக் கதவு திறந்து கண்ட கண்ட சாமானெல்லாம் நாட்டுக்குள் வந்து விழுந்த காலம் அது. மாமா குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் கடலில் ஆளேற்ற ஒரு புது மோட்டார் லாஞ்சி வாங்கினார். கூடவே சிங்கப்பூரிலிருந்து கதைக்கிற ரேடியோ இரண்டு வந்தன. ஒன்று லாஞ்சிக்கு. மற்றது துறையிலிருந்த அவருடைய கொட்டிலுக்கு. கடலில் நிற்பவனைக் கரையில் இருந்தபடியே ஏசலாம் என்பது விஞ்ஞானம் மாமாவுக்குச் செய்த பேருபகாரம்.

“வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம்,” என்றார் மாமா. “அதுக்குள்ள ரேடியோ கதைச்சா அறைத் திறப்பு உனக்கு. கதைக்காட்டி ஞாயிறு ரயில். சரியோ?”

“ஓம் மாமா,” என்றேன். வேறென்ன சொல்ல?

கொட்டில் ரேடியோவுக்கு ஏரியலைப் பனையில் கட்டி ஒரே நாளில் இரைய வைத்துவிட்டேன். அந்தத் திமிரோடுதான் வெள்ளிக்கிழமை விடியலில் லாஞ்சிக்குள் இறங்கினேன். கூரையில் ஏரியல் நின்றது. அதன் அடியில் மாமி கட்டிய மஞ்சள் துணி. புதுக் கார், புதுக் கிணறு, புதுப் பசுமாடு எதையும் மாமி மஞ்சள் துணி இல்லாமல் விட்டதில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏரியலின் கீழ்த்துளையில் கேபிளின் ஒரு நுனியை முறுக்கி மாட்டினேன். மற்ற நுனிக்குப் பிளக் வைத்து ரேடியோவில் பூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தக் கேபிளின் நடுவில் ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளைச் சதை, சதைக்கு மேல் செப்பு நூலில் பின்னிய வலை, அதற்கும் மேல் கறுத்த தோல். கம்பியும் வலையும் ஆயுள் முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஓரிடத்திலும் தொடக்கூடாது, தொட்டால் ரேடியோ ஊமை. ஒரே வளவை வேலியால் பிரித்துக்கொண்டு முகம் பாராமல் வாழ்ந்த அண்ணன் தம்பிமாரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தப் பாடம் மட்டும் தபால் வருவதற்கு முன்பே விளங்கியிருந்தது.

துறையில் மின்சாரம் கிடையாது. சட்டியில் சிரட்டைக்கரி மூட்டி, ஈயம் உருக்கும் செப்புத் தலை வைத்த பற்றுக்கோலை அதற்குள் செருகினேன். நான் ஈயத்தை எடுக்கும்போதெல்லாம் காற்று வந்தது. எடுக்காதபோது கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒருவழியாக ஈயம் உருகி வெள்ளியாக ஓடிப் பிடித்தது. அழகான வேலை. நிமிர்ந்தேன்.

லாஞ்சியை ஓட்டவிருந்த தண்டையல் அண்ணை, என் முழங்காலடியில் கிடந்த ஒரு வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உது என்ன மோதிரமோ? ஆருக்குப் போடப் போறீர்?”

பிளக்கை ரேடியோவோடு இறுக்கும் வளையம் அது. ஈயம் வைப்பதற்கு முன்பே கேபிளில் கோத்திருக்க வேண்டியது. கேபிளை வெட்டினேன்.

இரண்டாம் தரம் வளையத்தைக் கோத்துவிட்டுத்தான் கரிச்சட்டிப் பக்கம் திரும்பினேன். முடிந்ததும் டோர்ச் பற்றரி ஒன்றும் பல்ப் ஒன்றும் எடுத்துச் சோதித்தேன். உள்கம்பியும் வலையும் எங்காவது தொட்டால் பல்ப் எரியும். எரியாவிட்டால் வெற்றி.

எரிந்தது.

“எரியுது! எரியுது!” துறையில் வெள்ளோட்டம் பார்க்கக் கூடி நின்ற சனம் கை தட்டியது. வயிறு எரிந்தவன் நான் ஒருவன்தான்.

மறுபடியும் வெட்டினேன். இந்த முறை வலையின் நூல்களை ஈர் இழுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சீவி விலக்கினேன். ஒரு தூசி உள்ளே போகவில்லை என்று சத்தியம் செய்வேன். ஈயம் வைத்தேன். பல்பைப் பிடித்தேன். போன முறையை விடப் பிரகாசமாக எரிந்ததுபோல எனக்குப் பட்டது. சனம் இப்போது கை தட்டவில்லை. ஒரே வித்தையை எத்தனை தரம் பார்ப்பது?

தண்டையல் அண்ணை கேபிளின் மிச்ச நீளத்தைக் கண்ணால் அளந்தார். “இன்னும் ஒருக்கா வெட்டினீரெண்டா, நான் ரேடியோவைக் கழுத்தில கட்டிக்கொண்டுதான் ஓட வேணும்.”

கொட்டில் வாசலில் மாமா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பில் ரயிலின் சத்தம் கேட்டது.

பிழை என் ஈயத்தில்தான் என்று தபால் பாடம் சொல்லியிருந்தது. நானும் பணிவோடு நம்பியிருந்தேன். வெட்டுவதற்கு இனிக் கேபிள் இல்லாதபடியால்தான் எனக்குப் புத்தி வந்தது. கூரையில் ஏறி ஏரியலில் இருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, கீழே வந்து மறுபடி சோதித்தேன். பல்ப் அணைந்தே கிடந்தது. பிளக் சுத்தம். திரும்ப மாட்டினேன், எரிந்தது. ஏரியலின் அடியை நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் துணி காற்றில் ஆடியது. ஏறித் தொட்டால் துணிக்குள் ஏதோ விறைப்பாக இருந்தது.

“தொடாதை!” என்றது ஒரு குரல். பூத்தட்டோடு மாமி ஏறி வந்துகொண்டிருந்தா. “உதுக்குள்ள யந்திரம் கிடக்கு. நாப்பத்தெட்டு நாள் பூசையில வைச்செடுத்தது.”

“என்ன தகடு மாமி?”

“செப்புத்தான். கடலில ஓடுறதுக்குத் தகரத்திலயே எழுதுவினம்?”

கேபிளின் கம்பி சேரும் ஏரியல் தண்டுக்கும், வலை சேரும் தாங்கு இரும்புக்கும் நடுவே ஒரு வெள்ளை வளையம் இருக்கும், இரண்டையும் பிரித்து வைக்க. மாமி மிகச் சரியாக அதற்கு மேலேதான் செப்புத் தகட்டைச் சுருட்டி இறுக்கியிருந்தா. தண்டும் இரும்பும் மாமியின் அருளால் ஒன்றாகியிருந்தன.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். உங்கள் யந்திரம்தான் ரேடியோவின் வாயைக் கட்டியது என்று. சொல்லி அதைக் கழற்றினால், பிறகு இந்த லாஞ்சி ஒரு நண்டில் முட்டினாலும் பழி என் தலையில்தான். நான் சாகும்வரை அந்தச் செத்த நண்டு என்னைத் துரத்தும்.

“எழுதித் தந்த ஐயர் எங்க கட்டச் சொன்னவர் மாமி?”

“தலைமாட்டில.”

“லாஞ்சிக்குத் தலை முன்னுக்கு, அணியத்திலயெல்லோ? ஏரியல் கொம்பு மாதிரி மாமி. கொம்பில ஆரும் தாலி கட்டுவினமோ?”

மாமி கொம்பைப் பார்த்தா. அணியத்தைப் பார்த்தா. “நான் அப்பவே நினைச்சனான்,” என்று சொல்லிக்கொண்டு, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்து, அணியத்துக்குக் கொண்டுபோய் இறுக்கிக் கட்டினா.

பல்ப் எரியவில்லை. பிளக்கைப் பூட்டினேன். ரேடியோ இரைந்தது. மாமா கொட்டிலுக்குள் ஓடினார். ஒலிவாங்கியை என் கையிலிருந்து பறித்தவர் தண்டையல் அண்ணை.

“முதலாளி! கேக்குதோ? உங்கட மருமோன் மாமியின்ர யந்திரத்தைக் கழட்டுவிச்சுப் போட்டார்!”

“அவள் விட்டவளோ?”

“விட்டவவோ? தன்ர கையால அவிட்டுக் கொண்டுபோய் அணியத்தில கட்டினவ. அதுவும் சிரிச்சுக்கொண்டு!”

நான் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினேன்.

“மாமா, ரேடியோ கதைக்குதெல்லோ? அறைத் திறப்பு?”

“கதைக்குது,” என்றார் மாமா. ஒரு சொல்லும் சிந்தாமல், பக்கத்தில் இருந்து சொல்வதுபோல வந்தது குரல். அருமையான பிளக். “அது இனித் தன்பாட்டில கதைக்கும். உவளையே கதைச்சு மடக்கினவனை நான் அறைக்குள்ள பூட்டி வைக்கிறதோ? கடைக்கு வாறவையோட ஆர் கதைக்கிறது? ஞாயிறு...”

நான் ஒலிவாங்கியின் பொத்தானை அமத்தினேன். நாங்கள் பொத்தானை அமத்திப் பிடித்திருக்கும்வரை மற்றப் பக்கத்தவர் சொல்வது இங்கே கேட்காது. இதுவும் தபாலில் படித்ததுதான். தண்டையல் அண்ணை எஞ்சினை எடுத்தார், மாமி அணியத்தில் தேங்காய் உடைத்தா, லாஞ்சி துறையை விட்டது. ஞாயிறு ரயிலில் பருப்பு நிறுக்கப் போனவன் நான்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, நயினாதீவுத் துறை வரும்வரை, கட்டைவிரல் மரத்துப்போக அந்தப் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமாவால் ஒரு சொல் சொல்ல ஏலவில்லை.