நீத்துப்பெட்டி வெளிச்சம்

கமெராவின் தலையிலேயே பிளாஷை வைத்து அடித்தால் எவருடைய முகமும் அவித்த முட்டைதான். வெளிச்சம் பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலிருந்து வரவேண்டும். அதற்காகப் பிளாஷைக் கழற்றி, பழைய தொலைபேசி வயரால் கமெராவோடு இணைத்து, ஒரு கம்பின் நுனியில் கட்டினேன். வெளிச்சம் சிதறாமலிருக்க, புட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டியின் கூர்ப்பக்கத்தை வெட்டிப் பிளாஷில் மாட்டினேன். வீட்டில் அதை இன்னும் தேடுகிறார்கள்.

வாவியில் மீன்பிடிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் படத்துக்கு உட்காரச் சம்மதித்தார். பொழுது கருகும் நேரம் தோணியின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான். ஒரு கையில் கமெரா, மறு கையில் கம்பு. பிளாஷ் மின்னியதும் மணலை என்ற சாதி மீன்கள் வெருண்டு தண்ணீரைவிட்டுப் பாய்ந்தன. இரண்டு தோணிக்குள் விழுந்தன.

அண்ணன் மீனைப் பார்த்தார். பிறகு நீத்துப்பெட்டியைப் பார்த்தார்.

“இன்னொருக்கா அடிங்க தம்பி.”

“கமெராவப் பாருங்க அண்ணன்” என்றேன். அவர் பார்க்கவே இல்லை. பற்றரி தீரும்வரை அடித்தேன். எல்லாப் படங்களிலும் அவர் குனிந்து மீன் பொறுக்குகிறார். ஒன்றில் மட்டும், நான் ஆசைப்பட்டபடியே, வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் அழகாக விழுந்திருக்கிறது. மீனின் முகத்தில்.

மறுநாள் மாலை புதுப் பற்றரிகளோடு அவரே வாசலில் வந்து நின்றார். நான் கமெராவை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

“அது என்னத்துக்குத் தம்பி, சும்மா பாரம்” என்றார். “லைட்ட மட்டும் கொண்டு வாங்க.”