லீவர் பிடிக்க ஓர் ஆள்

மோட்டார் சைக்கிளுக்குக் கிளச் வயர் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே உட்கார்ந்து கியர் பெட்டிப் பக்கம் வயரின் முனையை மாட்ட வேண்டும். இன்னொருவர் மேலே ஹேண்டில் பக்கம் நின்று லீவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகவும் செய்யலாம் என்று வீறாப்பு பேசுபவர்கள் உண்டு. செய்து பார்க்கட்டும். கீழே இழுக்கும்போது மேலே லீவரில் மாட்டிய வயர்முனைக் குண்டு நழுவி வெளியே வரும். எழுந்து அதை மாட்டப் போனால் கீழே கழன்றுவிடும். அறுபதுகளின் தொடக்கத்தில், விருதுநகரில் எங்கள் வீட்டு முற்றத்தில், கீழே உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர். மேலே லீவரைப் பிடித்தவள் நான் இல்லை.

பிடித்தவள் என் ஓரகத்தி, அதாவது அவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிடும்போதெல்லாம் வாய் கசக்கும்.

கல்யாணமாகி நான் போன வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பகலில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் பார்க்கப் பேசிக்கொள்ளக் கூடாது. சோறு வைக்கலாம், செம்பை நீட்டலாம், துண்டை எடுத்துக் கொடுக்கலாம். பேச்சு மட்டும் கூடாது. என் மாமியார் இதை வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை. நான் அவரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். ஆனால் அண்ணன் பெண்டாட்டியும் கொழுந்தனும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசிக்கொள்ளலாம். அதற்குச் செருமல் கிடையாது. மாமியாரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்களுடையது பேப்பர் வியாபாரம். அண்ணன் பஜாரில் கடையைப் பார்த்துக்கொண்டார். கடையே கதி என்று இருப்பவர். என் வீட்டுக்காரர் சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் போய் அச்சாபீஸ்களிலும் பட்டாசுக் கம்பெனிகளிலும் ஆர்டர் பிடித்து வருவார். அதற்குத்தான் அந்த மோட்டார் சைக்கிள். பழைய வண்டி, மதுரையில் வாங்கியது. அதற்கு வயரைத் தின்பது ஒரு வியாதி. சில மாதத்துக்கு ஒருமுறை, லீவருக்குப் பக்கத்தில் இழை இழையாகப் பிரிந்து, ஒருநாள் டப்பென்று அறுந்துவிடும்.

நான் வந்த பிறகு முதல்முறை அறுந்தது திருத்தங்கல் பக்கம். கிளச் இல்லாமலே அவர் வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி உட்கார்ந்து, அப்படியே நிற்காமல் வர வேண்டுமாம். ரயில்வே கேட்டில் அணைத்துவிட்டு மறுபடியும் தள்ளி ஓட்டம். சட்டை முதுகோடு ஒட்டி, முகமெல்லாம் செம்மண்ணாக முற்றத்துக்குள் வந்து நின்றார். நான் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு ஓடினேன். அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்துச் செம்பை என் கையில் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே என் தலைக்கு மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"மதினி, செத்த இங்கன வாங்க. வயர் போயிருச்சு."

அவள் வந்தாள். சேலை முந்தியை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போகிறவள் மாதிரி வந்தாள். நான் வெறும் செம்போடு சமையலறைக்குத் திரும்பினேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து முற்றம் முழுக்கத் தெரியும். பேச்சு சரியாகக் கேட்காது, சிரிப்பு கேட்கும். கல்தரையில் எண்ணெய் படாமல் இருக்க, அச்சில் பிசகிப்போன லேபிள் தாள்களை விரிப்பார்கள்; கிளியும் ரயிலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த பட்டாசு லேபிள்கள். அதன்மேல் அவர் உட்காருவார். அந்தத் தாளிலேயே ஒன்றைக் கூம்பாகச் சுருட்டி, புது வயரின் உறைக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார்கள். கீழ்ப்பக்கம் எண்ணெய் எட்டிப் பார்த்த பிறகுதான் மாட்டுவது. அவர் கீழிருந்து ஏதோ சொல்வார். அவள் லீவரை அமுக்குவாள், விடுவாள், தலையில் அடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒருமுறை அவள் வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள்.

"என்ன கொழுந்தனாரே, ஒங்க பொண்டாட்டி முன்னால கூட இம்புட்டு நேரம் குனிஞ்சு உக்காந்திருக்க மாட்டீக போலயே!"

மாமியார் கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்குக் கையிலிருந்த கரண்டியை ஜன்னல் வழியாக எறியலாமா என்று வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்கள்மேல் சந்தேகம் எதுவும் கிடையாது. சந்தேகப்பட்டிருந்தால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருக்கலாம், அப்பா வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். இது வெறும் பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அவர் சிரித்தால் மேல் பல் வரிசை முழுக்கத் தெரியும் என்பதே எனக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரியும். என்னிடம் அவர் நல்லபடியாகத்தான் இருந்தார். குரலை உயர்த்த மாட்டார். பூ வாங்கி வருவார். ஆனால் என் எதிரில் எப்போதும் கடைக்கு வந்த பெரிய மனிதரைப் பார்த்த மாதிரி விறைப்பாக இருப்பார். அந்தச் சிரிப்பில் ஒன்று, ஒரே ஒன்று, என் பக்கம் திரும்ப வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வயர் அறுகிற நாளெல்லாம் என் வயிறு எரிந்தது, அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடியது, யாரும் காரணம் கேட்கவில்லை.

பொறாமைக்கு ஒரு லாபம் உண்டு, கண் கூர்மையாகும். இரண்டு வருஷத்தில் கிளச் வயர் மாற்றுகிற வேலை முழுவதும் எனக்கு மனப்பாடம். முதலில் லீவர் பக்கத்துத் திருகைக் கடைசி வரை உள்ளே திருகிவிட வேண்டும், அப்போதுதான் வயர் தளர்வாக இருக்கும். எல்லாம் மாட்டிய பிறகு அதே திருகை வெளியே திருகி இழுவையைச் சரிக்கட்ட வேண்டும். லீவர் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும், ஒரு காசு நுழைகிற அளவு. ஆட்டம் இல்லாவிட்டால் வண்டி இழுக்காது. ஆட்டம் கூடினால் லீவரைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் நகரும். சட்டி பானை கழுவிக்கொண்டே படித்த படிப்பு இது.

ஒரு வருஷம் தீபாவளி சீசன் உச்சத்தில் வயர் அறுந்தது. அக்கா ஊரில் இல்லை. காரியாபட்டியில் அவள் அப்பா வீட்டில் ஏதோ விசேஷம், போயிருந்தாள். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனவர், தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். அறுந்த முனை தொங்குவதைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். அவள் இல்லை, மாமியாருக்கு முழங்கால் வலி, அண்ணன் கடைக்குப் போயாயிற்று. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"மதினி எப்பம்மா வருவாக?" என்று மாமியாரைக் கேட்டார்.

"நாளைக்கழிச்சுல்ல வருவா."

"அப்ப வண்டி அங்கன கெடக்கட்டும். வந்த பெறகு பாத்துக்கிடலாம். நான் பஸ்ஸுல போயிட்டு வாரேன்."

பஸ்ஸில்! சீசனில் பஸ்ஸை நம்பிப் போனால் நாலு இடம் போகிறவர் ஒரு இடம்தான் போக முடியும், ஆர்டர் எல்லாம் அடுத்த கடைக்காரனுக்குப் போய்விடும். அது அவருக்கும் தெரியும். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கும் இரண்டு கை உண்டு. வியாபாரம் போனாலும் பரவாயில்லை, என்னைக் கூப்பிட மாட்டாராம். அவள் பக்கத்தில் நின்று சிரித்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரிந்ததில்லை. அவள் இல்லாத நேரத்திலும் அந்த இடத்தை அவளுக்கென்று காலியாக வைத்திருக்கிறார் என்றதும்தான் பற்றிக்கொண்டு வந்தது.

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன். தொட்டியில் கையை இரண்டு தடவை கழுவினேன். முற்றத்தில் இறங்கி, பட்டப்பகலில், வண்டியின் லீவரைப் பிடித்தேன்.

"நான் பிடிக்கேன். நீங்க கீழ உக்காருங்க."

மாமியார் செருமினார். நான் விடவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகச் செருமினார். என் வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டிப் பெட்டியிலிருந்து புது வயரை எடுத்தார். மாமியார் நிஜமாகவே இருமல் வந்தவர் போல இருமிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. அவர் கல்லாகிவிட்டார். "பிடி" என்றார், "சரி" என்றார், அவ்வளவுதான். ஸ்பானர் கையிலிருந்து விழுந்தது. கீழ்முனையை மாட்டப் போனார், எட்டவில்லை. மறுபடி இழுத்தார், எட்டவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"மேல திருகு வெளிய நிக்கு. அத உள்ள திருகுனாத்தான கீழ எட்டும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஒங்களுக்கு எப்படித் தெரியல?"

அவர் லேபிள் தாளில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு இந்த வேல ஒழுங்கா வராது. மதினிதான் ஒவ்வொண்ணாச் சொல்லுவாக. அவுக அய்யா லாரி செட்டுல பாத்துப் பளகுனவுக. நான் தப்புத் தப்பாச் செய்வேன், அவுக சிரிப்பாக, நானும் சிரிப்பேன்."

"அந்தத் தப்ப என் முன்னால செஞ்சா என்ன?"

"ஒம் முன்னால எப்படிச் செய்யிறது?" என்றார். ஏதோ சோறு இல்லாத இலையைக் காட்டிச் சாப்பிடச் சொன்ன மாதிரி, அவ்வளவு திகைப்பாகக் கேட்டார்.

இதைக் கேட்டு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அவளிடம் ஒன்றும் தெரியாதவராக இருக்க முடிகிறது, என்னிடம் முடியவில்லையே என்று இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது. நான் அவருடைய சிரிப்புக்கு மட்டும் ஆசைப்பட்டிருந்தேன். அதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதையும் அவள்தான் வைத்திருந்தாள்.

ஒருவழியாக மாட்டினோம். திருகை வெளியே திருகி ஆட்டம் பார்த்தோம், சரியாக இருந்தது. அவர் உதைத்துக் கிளப்பி, கியர் போட்டு, வாசலைத் தாண்டிப் போனார். நான் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன். தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. இஞ்சின் காட்டுக் கூச்சலாக அலறி, அடங்கிப்போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயரை மாட்டியதும் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்வாள். என்னத்துக்கு என்று தெரியாமலே நானும் பார்த்திருக்கிறேன். வயரைக் கொண்டுபோன வழி தப்பாக இருந்தால் ஹேண்டில் திரும்பும்போது அதுவே கிளச்சை இழுத்துவிடும்; இஞ்சின் அலறும், வண்டி ஓடாது. நாங்கள் திருப்பிப் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தள்ளிக்கொண்டு வந்தார். திட்டு விழும் என்று நினைத்தேன். வாசலுக்குள் வந்ததும் வண்டியை நிறுத்தினார், என்னைப் பார்த்தார், உதடு துடித்தது. அப்புறம் மேல் பல் வரிசை முழுக்கத் தெரிய வெடித்துச் சிரித்தார்.

"நல்லாப் போட்டோம் போ! பலகாரக் கடை வாசல்ல போயி நின்னுருச்சு. அம்புட்டுப் பேரும் வேடிக்க பாக்கான்!"

போட்டோம் என்றார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளேயிருந்து செருமல் கேட்டதா இல்லையா என்று நினைவில்லை. அவர் மறுபடி தாளில் உட்கார்ந்தார், நான் லீவரைப் பிடித்தேன். வயரைக் கழற்றி வேறு வழியாகக் கொண்டுபோனோம். அதற்குள் இரண்டு தடவை ஸ்பானரைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார், இரண்டு தடவையும் சிரித்தோம்.

வாசலில் நிழல் விழுந்தது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பா வீட்டு லாரி விருதுநகருக்கு லோடு ஏற்றி வந்ததாம், அதிலேயே முன்னதாக வந்துவிட்டாள். கையில் துணிப்பை, தலையெல்லாம் ரோட்டுப் புழுதி. எங்கள் இரண்டு பேரையும், தரையில் கிடந்த தாள்களையும் பார்த்தாள். உடனே முகம் மலர்ந்தது. பையை ஓரமாக வைத்து, முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"வயர் போயிருச்சா? தள்ளு பிள்ளே, நான் பிடிக்கேன்." கையை லீவர்மேல் கொண்டுவந்துவிட்டாள்.

அவர் கீழிருந்து அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"வேண்டாம்க்கா," என்றேன். "இப்பத்தான வந்திருக்கீக. போயி ஒரு வாய் காப்பி குடிங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

நீட்டிய கையை அவள் சட்டென்று எடுக்கவில்லை. சீட்டின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள், தட்டத்தான் வந்தவள் மாதிரி. "சரி, சரி, செய்ங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது ஒரு கேலி சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அவள் புருஷன் ராத்திரி கடை அடைத்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது வயர் அறுந்த நாட்களில் மட்டும்தான். ஜன்னலில் நின்று இரண்டு வருஷம் அவளையே பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? அவளிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று தெரிந்தே, கையில் இருந்த லீவரை நான் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.