எல்லாம் தூசிதாங்க, சிஸ்டர்!

ஆம்புலன்ஸ் வேலையில் நோயாளி சொல்வதை வைத்துத்தான் பாதி வைத்தியம். நெய்வேலியிலோ எதைக் கேட்டாலும் தூசி என்றுதான் சொல்வார்கள். சுரங்கம், குவாரி, சிமென்ட் ஆலை ஓரமாக இதே வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

எங்கள் வண்டியில் நான் நர்ஸ். டிரைவர் தனசேகர் அண்ணன் பல வருஷம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் அவர் இருமல் ஸ்டார்ட் ஆகிவிடும்.

வெல்ல வைத்தியம்

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர் ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் மயங்கிவிட்டார். வெயில் மயக்கம்தான். இருந்தாலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். அளக்கவே முடியாத அளவுக்கு ஏறியிருப்பதாக மெஷின் காட்டியது.

அப்புறம்தான் அவர் விரல்களைப் பார்த்தேன். தொண்டைத் தூசி இறங்கட்டும் என்று ஷிப்ட் முடிந்ததும் வெல்லம் தின்பது இங்கே பலருக்கும் பழக்கம். விரலெல்லாம் வெல்லப் பிசுக்கு! சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி குத்தினால் சர்க்கரை சரியாக இருந்தது. அதற்குள் அவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சொன்னார்: “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தக் கைய இவ்ளோ சுத்தமா நானே பாத்ததில்லீங்க, சிஸ்டர்!”

ரகசியம் தங்காத பிளாக்

சர்வீஸ் முழுக்க நிலக்கரி கன்வேயர் பெல்ட் இரைச்சலில் நின்றவர்களுக்கு ரிட்டயர் ஆகும்போது காது பாதிதான் மிஞ்சும். மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்த அப்படி ஒரு பெரியவருக்கு மூச்சிரைப்பு. “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கத்தினேன். அவர் அமைதியாகச் சிரித்தார். இன்னும் உரக்கக் கத்தினேன். பிளாக் முழுக்க ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு அம்மாள்தான் பதில் சொன்னார்: “அவுருக்குக் கேக்காதுங்க, எங்களக் கேளுங்க. மாத்திரைய எந்தப் பூந்தொட்டில போடறாருன்னுகூட சொல்றோம்!”

அண்ணன் படுத்த கதை

ஒரு நாள் காலை தனசேகர் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். “தூசிதாம்மா, எப்பவும் இருக்கறதுதானே” என்றார். ஆனால் இருமவே இல்லை. சில்லென்ற காற்றிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இது தூசி இல்லை, நெஞ்சு என்றேன். “சும்மா இரும்மா, ஊரு சிரிக்கும்” என்று சீட்டை விட்டு அசைய மறுத்தார்.

டீக்கடையில் இருந்தவர்களைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். இன்னொரு வண்டி டிரைவர் ஓடிவந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டேன். மனுஷன் பிழைக்க வேண்டுமே என்று வேண்டாத தெய்வமில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் பார்க்கப் போனபோது மாஸ்க்கை விலக்கிவிட்டு அண்ணன் கோபித்துக்கொண்டார்: “மூச்சு வுடறது இவ்ளோ சொகமா? இத்தினி வருசமா பின்னாடி படுத்துகினு வரவங்களுக்கே குடுத்துகினு இருந்திருக்கியே!”

தூசியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டதால், மாரடைப்பே வந்து கதவைத் தட்டினாலும் தூசிக்கு உறவுக்காரர்தான் என்று நினைத்து உட்காரவைத்துவிடுகிறோம்.