வாழைக்காய்க் கறியில் ஒரு பச்சிலை

மொரீஷியஸுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருஷம் முன்பு என் கணவருக்கு அங்கே தமிழ் வாத்தியார் வேலை கிடைத்தது. போ பசான் என்ற ஊரில் குடியிருந்தோம். வீட்டுக்காரியை அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய அப்பா தமிழர், அம்மா ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த கிரியோல் பெண். அதுதான் சிக்கலே.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஏழு கறி விருந்து. கோயில் அடுப்படிக்குள் அதுவரை விடாதவர்கள், வாழைக்காய்க் கறியை முதல் தடவையாக அக்காவிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இந்தியாவிலிருந்து வந்த நான் ருசி பார்த்து, தமிழ்ச் சமையல்தான் என்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அக்கா இனிமேல் வாசலோடு சரி. இந்த நாட்டாமை வேலையை என் தலையில் கட்டியவர் கோயில் தலைவரின் மனைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகுதான் நானே சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன். நான் யார் தீர்ப்புச் சொல்ல?

முதல் நாள் சனிக்கிழமை அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் அவளை பஸ்ஸில் ஏற்றி போர்ட் லூயி மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். டோடோவின் எலும்புக்கூட்டைப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பறக்கத் தெரியாத பறவை, கப்பலில் வந்தவர்கள் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்றாள் அக்கா. அதன் ருசி கோழி மாதிரியா, வாத்து மாதிரியா என்று காவலாளியிடம் கேட்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அக்கா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அங்கிருந்து தேர் ரூஜ் என்ற ஊரில் இருந்த அவளுடைய அம்மா வீட்டுக்குப் போனோம். சாயங்காலம் முற்றத்தில் சேகா என்கிற கிரியோல் ஆட்டம். நம் ஊரில் பறையைக் காய்ச்சுவதுபோல் இங்கேயும் ஒரு வட்டத் தோல்வாத்தியத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றினார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். கும்மி அடித்துப் பழகிய கால், தானாகத் தூக்கித் தட்டியது.

"பா லெவ் லிப்பியே!" என்று அக்காவின் அம்மா அதட்டினார். காலைத் தூக்காதே என்று அர்த்தமாம். பாதம் மண்ணை உரசியபடியே நகரவேண்டும், இடுப்புதான் ஆடவேண்டும். ஏன் அப்படி என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்ப ஆடப் போய்விட்டார். எனக்குக் கடைசிவரை இடுப்பு வரவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா கொல்லையிலிருந்து தைம் பறித்துக் கொடுத்தார். ஓம வாசனை அடிக்கும் பொடிப்பொடியான இலை அது. அக்கா வாழைக்காய்க் கறியில் எப்போதும் அதைப் போடுவாள். வந்த புதிதில் எனக்குக் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. அக்கா அதை வாங்கவில்லை. பஸ்ஸில் மெதுவாகக் காரணம் சொன்னாள். "நாளைக்கு இது வேணாம் தங்கச்சி. போட்டா எங்க அம்மா கைன்னு தெரிஞ்சுபோகும்."

மறுநாள் சாமிக்குப் படைக்க எடுத்துவைத்த பிறகு, எல்லாப் பெண்களும் சுற்றி நிற்க, என் கையில் ஒரு கரண்டி கறியை வைத்தார்கள். உப்பு, புளி, உறைப்பு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சப்பென்று இருந்தது. அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். நல்லவேளை, பொய் சொல்லத் தேவைப்படவில்லை.

"எங்க ஊர்ல அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அக்காவுக்கு மூச்சு வந்தது. தலைவரின் மனைவிக்கும் பரம திருப்தி. பெருமையாகத் தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார். உடனே முகம் கோணிப்போயிற்று. பத்தியச் சாப்பாடா இது என்று கிரியோல் பாஷையில் முணுமுணுத்தபடி விறுவிறுவென்று வெளியே போனார். கோயிலுக்கு அடுத்த வீடு அவருடையதுதான். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

கை நிறையத் தைமோடு திரும்பி வந்தார். தம் வீட்டுக் கொல்லையில் பறித்தது.

"இதைப் போடாம என்ன தமிழ்க் கறி?" என்று அக்காவைக் கடிந்துகொண்டார்.

அக்கா அதை வாங்கி, இலையை உருவி அண்டாவில் போட்டுக் கிளறினாள். என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்திருப்போம்.