முதலாளி போட்ட வெள்ளக் கோடு

பதுளைக் கடைத்தெருவின் கீழ்முனையில் இருக்கும் அந்தப் புடவைக் கடைக்குள் நுழைந்தால், இன்றும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். நெஞ்சளவு உயரத்தில் பச்சைப் பெயின்டில் ஒரு கோடு. பதுளு ஓயா ஆறு பெருகிக் கடைக்குள் புகுந்த வருடம் தண்ணீர் நின்ற மட்டம் அது என்று முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தெருவில் கடைக்குக் கடை இப்படி ஒரு கோடு இருந்தது. கோடு உயர உயரக் கடைக்காரரின் மவுசும் உயரும். எதிர்க்கடை இரும்பு வியாபாரியின் கோடு இடுப்பளவுதான். அதில் புடவைக் கடை முதலாளிக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

எழுபதுகளில் நான் காப்புறுதி ஏஜண்டாக இருந்தேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த என்னை நாற்காலியில் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்த முதல் கடை அவருடையது. எதையும் ஒரு சுற்றுப் பெருக்கித்தான் பேசுவார், மனசு தங்கம். அப்போது ஒரு வருடம் ஓயாக் கரைக்குப் புதிய வெள்ள வரைபடம் தயாரித்தார்கள். நில அளவையாளர்கள் கடை கடையாக ஏறி, சுவர்க் கோடுகளை டேப் பிடித்து அளந்தார்கள். எதிரில் இடுப்பளவு நின்ற தண்ணீர் இங்கே எப்படி நெஞ்சுக்கு ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. புடவைக் கடை தாழ்வான இடம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். வரைபடம் என் கைக்கு வந்தபோது, முதலாளியின் கடை அபாயச் சிவப்பின் நட்டநடுவில் இருந்தது. சிவப்புக்குள் வந்த சரக்குக்கு வெள்ளக் காப்புறுதி கிடையாது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாங்கி அடுக்கிய துணியோ கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு வெள்ளம் வந்தால் அவர் எழுந்திருக்க முடியாது.

வரைபடத்தைப் பார்த்த முதலாளி, எதிர்க்கடைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, தண்ணி முழங்காலுக்குத்தான் வந்திச்சு."

"அப்போ இந்தக் கோடு, முதலாளி?"

"அவர் இடுப்புக்குப் போட்டாரே. நான் குறைச்சுப் போடவா?"

நான் எழுதிக் கேட்டதில் அளவையாளர்கள் மறுபடி வந்தார்கள். வெள்ளத்தைக் கண்ட வேறொருவரும் சாட்சி சொன்னால்தான் படத்தைத் திருத்த முடியும் என்றார்கள். வெள்ளத்தன்று முதலாளியோடு நின்றவர் இரும்புக் கடைக்காரர் ஒருவர்தான். முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசலில் நின்று, தெரு கேட்கவே உண்மையைச் சொன்னார். கிண்டல்தான் வரும் என்று நான் பயந்தேன். முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் இரும்புக் கடைக்காரர் தெருவைக் கடந்து வந்தார்.

"நானா சொல்றது நெசங்க. ரெண்டு பேருந்தான் தண்ணி எறைச்சோம். என் கடையிலயும் முழங்காலுக்குத்தானுங்க. சம்பந்தி வீட்டாளுங்க பார்க்க வந்தாங்க, கொஞ்சம் ஏத்திப் போட்டுட்டேன்."

அவர் இரும்புக்குக் காப்புறுதி எடுக்கவே இல்லை. தன் கோட்டின் பொய்யைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. அதற்குப் பிறகு தெருவே சிரித்துக்கொண்டு அவரவர் கோட்டின் கதையைச் சொல்லத் தொடங்கியது. வரைபடத்தின் சிவப்பு ஆற்றோரத்துக்கே திரும்பிப் போனது. முதலாளிக்குக் காப்புறுதி கிடைத்தது, ஆனால் கோட்டை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

சில வருடங்களில் ஓயா மறுபடி வந்தது. கீழ்த்தட்டுத் துணியெல்லாம் நனைந்தாலும் காப்புறுதிப் பணத்தில் கடை தப்பியது. சேறு கழுவிய கையோடு முதலாளி தூரிகையை எடுத்துக் குனிந்தார். முழங்காலருகே தொடங்கிய தூரிகை மெல்ல மேலே ஏறியது. எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது: "நானா! மேப்பு மறுபடி செவந்துடுங்க!" தூரிகை கீழே இறங்கிவிட்டது.

முதலாளி இப்போது இல்லை. அவர் மகன் சுவருக்கு வெள்ளையடித்தபோதும் இரண்டு கோடுகளையும் விட்டுவைத்திருக்கிறான். போன வாரம் போயிருந்தபோது, யாரோ வெளியூர்க்காரருக்கு அந்த வெள்ளத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். அவன் கை காட்டியது மேல் கோட்டைத்தான்.